போகும் பொருளும் திரும்பும் தாளும்: தற்காலிக ஏற்றுமதியில் ஏஜென்ட்டுக்கு மின் ஆவணம் கொடுப்பது

வெளிநாட்டுக் கண்காட்சிக்கு இயந்திரம் அனுப்புகிறவர்களின் கவலையெல்லாம் போகும் வழியைப் பற்றியதாகவே இருக்கிறது. ஸ்டால் தேதி நெருங்குகிறது, கப்பலில் இடம் கிடைக்க வேண்டும், மரப்பெட்டி அடித்தாக வேண்டும். ஏஜென்ட் கேட்டதையெல்லாம் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல் திரும்பும்போதுதான் தலைகாட்டும். சில மாதம் கழித்து அதே இயந்திரம் தூத்துக்குடியில் வந்து இறங்கும். அன்று போனது இதுதானா என்று சுங்க அதிகாரி கேட்பார். அதற்கான பதில், போன அன்று ஏஜென்ட் கையில் இருந்த கோப்புகளில்தான் இருக்க முடியும். பிறகு உட்கார்ந்து தயாரிக்கிற எந்தக் கடிதமும் அந்த இடத்தை நிரப்பாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு ஆவணத்தையும் திரும்பும் நாளில் நின்றுகொண்டு பார்க்கப் போகிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஓர் உதாரணத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். கோவையில் நூற்பாலைகளுக்கான சோதனைக் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐரோப்பாவில் நடக்கும் ஐ.டி.எம்.ஏ. ஜவுளி இயந்திரக் கண்காட்சி 2023 ஜூனில் மிலானில் நடந்தது. அடுத்தது 2027 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹானோவரில். நம் நிறுவனம் அங்கே இரண்டு கருவிகளையும், அவற்றோடு ஒரு கணினி, திரை, சில உதிரிபாகங்களையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர நினைக்கிறது.

இரண்டு வழி

ஒன்று, ஏ.டி.ஏ. கார்னெட். 1961-இல் பிரஸ்ஸல்ஸில் உருவான உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சுங்கப் புத்தகம் இது. இந்தியாவில் இதை வழங்குவதும், இதற்குப் பொறுப்பு நிற்பதும் வணிக, தொழில் சபைகளின் கூட்டமைப்பான ஃபிக்கி. அதிகபட்சம் ஓர் ஆண்டு செல்லும். கையில் இந்தப் புத்தகம் இருந்தால் ஜெர்மனியில் இறக்குமதி வரி கட்டவோ, அங்கே தனியாக ஈடு வைக்கவோ வேண்டியதில்லை. வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் இரு நாட்டுச் சுங்கத்துக்கும் இதுவே அறிவிப்பு.

மற்றொன்று, வழக்கமான ஷிப்பிங் பில். சுங்கத்தின் ஐஸ்கேட் இணையதளத்தில் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் தாக்கல் செய்வார். திரும்பும்போது 45/2017 சுங்க அறிவிக்கையின் கீழ் விலக்குக் கேட்கலாம். போன நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பொருள் திரும்ப வேண்டும், அதே பொருள்தான் என்று அதிகாரிக்கு மனநிறைவு ஏற்பட வேண்டும். இந்த வழியில் போனால் ஜெர்மனியில் தற்காலிக இறக்குமதிக்கான ஏற்பாட்டை அங்குள்ள ஏஜென்ட் தனியாகச் செய்தாக வேண்டும்.

எந்த வழி நல்லது என்பது போகும் நாட்டையும் காரணத்தையும் பொறுத்தது. கார்னெட்டை ஏற்கும் நாடுகள் ஏறத்தாழ எண்பது. ஆனால் எல்லா நாடும் எல்லாக் காரணத்துக்கும் ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே ஃபிக்கியிடம் நாட்டையும் நோக்கத்தையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இரண்டு வழிக்கும் ஆவண வேலை ஒன்றுபோலத்தான் தொடங்குகிறது: ஒரே ஒரு பட்டியலில்.

பட்டியல்

கார்னெட்டில் இதற்குப் பெயர் பொதுப்பட்டியல். வரிசை எண், பொருள் விவரமும் அடையாளக் குறிகளும், எண்ணிக்கை, எடை, மதிப்பு, உற்பத்தி நாடு, கடைசியில் சுங்கத்தின் பயன்பாட்டுக்கு ஓர் இடம் என ஏழு பத்தி. புத்தகம் வழங்கப்பட்ட பிறகு இதில் ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது. ஷிப்பிங் பில் வழியில் போனாலும் இதே பத்திகளோடு பட்டியல் போடுங்கள் என்பேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஜி.எஸ்.டி. டெலிவரி சலான், காப்பீடு எல்லாம் இந்தப் பட்டியலைப் பார்த்து எழுதப்பட வேண்டும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதக் கூடாது. இன்வாய்ஸில் ‘டெஸ்டர்’ என்றும் பேக்கிங் லிஸ்டில் ‘டெஸ்டிங் மெஷின்’ என்றும் இருந்தால் கோவை அலுவலகத்தில் யாருக்கும் குழப்பமில்லை. ஹம்பர்க் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவருக்கு அவை இரண்டு பொருள்கள்.

அடையாளத்துக்கு உயிர் கொடுப்பது சீரியல் எண். கருவியின் எண்ணோடு நிற்காதீர்கள். கணினிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று கழற்றி மாற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். எண் இல்லாத ஸ்டாண்டு, தாங்கி போன்றவற்றில் நிறுவனத்தின் பெயரோடு ஓர் எண்ணைப் பொறித்து, அதையே பட்டியலில் காட்டலாம். பெயர்த்தகடு படிக்கும்படி ஒரு படம், கருவி முழுதும் தெரிய ஒரு படம், பெட்டிக்குள் வைத்த நிலையில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுங்கத்தின் இ-சஞ்சித் அமைப்பில் ஏற்றும் துணை ஆவணங்கள் பி.டி.எஃப்./ஏ வடிவில், கருப்பு வெள்ளையில், 200 டி.பி.ஐ. தெளிவில், கோப்புக்கு 1 எம்.பி.க்குள் அடங்க வேண்டும். உங்கள் கைபேசியில் பளிச்சென்று தெரியும் பெயர்த்தகட்டுப் படம் அந்த அளவுக்குச் சுருங்கும்போது எண்கள் கரும்புள்ளியாகிவிடும். 8 எது, 3 எது என்று தெரியாது. அதனால் எண்ணைப் படத்தை நம்பி விடாமல் இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்டிலும் எழுத்தாகவே அடித்துவிடுங்கள். முழுத் தெளிவுள்ள மூலப் படங்கள் உங்களிடமும் ஏஜென்ட்டிடமும் தனியே இருக்கட்டும்.

பட்டியலில் வரக் கூடாதவையும் உண்டு. கருவியில் ஓட்டிக் காட்ட எடுத்துப்போகும் நூல் கோன்கள் அங்கேயே தீர்ந்துவிடும். விளக்கத் தாள்கள், பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பைகள் திரும்பி வராது. தீர்ந்துபோகிறவையும் கொடுத்துவிடுகிறவையும் கார்னெட்டுக்குரியவை அல்ல. அவற்றைத் தனி இன்வாய்ஸில் அனுப்புங்கள். இருபது கோன் போய்ப் பதினாறு திரும்பினால், அந்த நான்கு கோனுக்காக முழுப் புத்தகமும் கணக்குத் தீராமல் தொங்கும்.

இயந்திரக்காரர்களைத் தாண்டிக் கச்சேரிக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. கார்னெட் சுங்க வரியை மட்டுமே ஒதுக்கி வைக்கிறது; வேறு சட்டங்களை அல்ல. யானைத் தந்த வேலைப்பாடுள்ள பழைய வீணை வனவிலங்குச் சட்டத்துக்கும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைக்கும் உட்பட்டது. தோல் கட்டிய மிருதங்கத்தை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அறிவித்தாக வேண்டும். ஏஜென்ட்டுக்கு அனுப்பும் பட்டியலில் பொருள் எதனால் ஆனது என்பதையும் எழுதினால் அவர் முன்கூட்டியே எச்சரிப்பார்.

யாருக்கு எது

கோவையில் நீங்கள் பேசும் ஏஜென்ட் ஒருவர். தூத்துக்குடியில் அவருக்காகச் சுங்க வேலை பார்க்கிறவர் இன்னொருவராக இருக்கலாம். கப்பல் சரக்கை ஏற்பாடு செய்கிறவர் மூன்றாமவர். ஹானோவரில் பொருளை எடுத்து ஸ்டாலில் இறக்குகிறவர் நான்காமவர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே கோப்புறையின் இணைப்பை அனுப்பிவிடுவது எளிது. அதைச் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். அந்தக் கோப்புறையில் உங்கள் பான் அட்டை, வங்கிக் காசோலை, கையொப்ப மாதிரி எல்லாம் கிடக்கும். ஸ்டாலில் இறக்குகிறவருக்கு அவை எதற்கு?

அடையாள ஆவணங்கள், இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடான ஐ.இ.சி. எண், ஜி.எஸ்.டி. பதிவு ஆகியவை இந்தியக் கஸ்டம்ஸ் புரோக்கருக்கு மட்டும் போக வேண்டியவை. அவற்றைச் சரிபார்ப்பது 2018-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிம விதிகள் அவர்மேல் சுமத்தியிருக்கும் கடமை. கேட்கிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம். கேட்காதவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். நகலின் மேல் ‘சுங்கப் பணிக்கு மட்டும்’ என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டு ஏஜென்ட்டுக்குப் பொதுப்பட்டியல், கார்னெட்டின் எல்லாப் பக்கங்களின் ஸ்கேன், அதிகாரக் கடிதம், ஸ்டால் எண், பொருள் வந்து சேர வேண்டிய நாளும் திரும்ப எடுக்க வேண்டிய நாளும் போதும். சரக்கு ஏற்பாட்டாளருக்குப் பெட்டிகளின் அளவும் எடையும் வேண்டும். விலை விவரம் காப்பீட்டுக்குத் தேவைப்பட்டால் மட்டும்.

பொருள் ராட்டர்டாமில் இறங்கி லாரியில் ஹானோவர் போகப் போகிறது என்றால் அதை விண்ணப்பிக்கும்போதே சொல்லுங்கள். கார்னெட்டில் பச்சை அட்டைக்குள் மஞ்சள் தாள்கள் நம் நாட்டிலிருந்து போகவும் திரும்பவும். வெள்ளைத் தாள்கள் அந்த நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும். நீலத் தாள்கள் இடையில் கடந்துபோக. எந்தப் பாதை என்று தெரிந்தால்தான் எத்தனை தாள் வைப்பது என்று தெரியும். ஹானோவர் முடிந்து அப்படியே இங்கிலாந்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் காட்டப் போகிறீர்களா? 2021 முதல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியச் சுங்க எல்லைக்கு வெளியே. அதற்குத் தனியாக ஒரு ஜோடி வெள்ளைத் தாள் வேண்டும்.

அதிகாரக் கடிதம்

கார்னெட்டின் முதல் பக்கத்தில் ‘ஏ’ கட்டத்தில் உங்கள் பெயர், ‘பி’ கட்டத்தில் உங்கள் சார்பாகச் செயல்படுகிறவர் பெயர், ‘சி’ கட்டத்தில் நோக்கம். ‘பி’ கட்டத்தில் இருக்கும் பெயரும் நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடிதம் நிறுவனத்தின் தாளில், கார்னெட் எண்ணைக் குறிப்பிட்டு, எந்தப் பயணம், எந்தத் தேதி வரை என்று எல்லை கட்டி இருக்கட்டும். ‘எல்லா வேலைக்கும் எப்போதும்’ என்று பொதுவாக எழுதிக் கொடுப்பதைப் பலரும் வசதியாக நினைக்கிறார்கள். சுங்கச் சட்டத்தின் 147-ஆம் பிரிவைப் படித்தால் அந்த எண்ணம் மாறும். ஏஜென்ட் செய்த காரியம், மாறாக நிரூபிக்கப்படும் வரை, உரிமையாளருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு செய்ததாகவே கொள்ளப்படும்.

இதையொட்டி இன்னொன்று. டிஜிட்டல் கையெழுத்துக்கான யு.எஸ்.பி. டோக்கனை ஏஜென்ட்டின் மேசை இழுப்பறையில் விட்டுவைக்கும் பழக்கம் நம் ஊர்ச் சிறு நிறுவனங்களில் பரவலாக இருக்கிறது. ‘ஒவ்வொரு தடவையும் யார் கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் அலைவது’ என்பார்கள். அலைய வேண்டியதே இல்லை. இ-சஞ்சித்தில் புரோக்கர் தம்முடைய டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டே ஆவணங்களை ஏற்ற முடியும். உங்கள் டோக்கன் அவருக்குத் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அந்தத் திறவுகோலை உரியவர் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதை இன்றே திரும்ப வாங்குங்கள்.

அனுப்பும் விதம்

வாட்ஸ்அப் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. சுங்க வேலை முழுக்க அதில்தான் ஓடுகிறது. ஆனால் இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். படத்தைப் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். அனுப்பியதையே மின்னஞ்சலிலும் ஒருமுறை அனுப்புங்கள், ஏஜென்ட்டின் நிறுவன முகவரிக்கு. கைபேசியோடு வேலையை விட்டுப் போகிற பையனின் சொந்த எண்ணில் மட்டும் உங்கள் ஆவணங்கள் தங்கிவிடக் கூடாது.

கோப்பின் பெயரில் கார்னெட் எண் அல்லது இன்வாய்ஸ் எண், ஆவண வகை, தேதி இருக்கட்டும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘திருத்திய இறுதி’ என்று பெயர் வைக்கத் தொடங்கினால் எது கடைசி என்று தூத்துக்குடியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? திருத்தம் வந்தால் பழையதைச் செல்லாது என்று எழுத்தில் சொல்லி, பகிர்ந்த கோப்புறையிலிருந்து அதை அகற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். கோப்புறையில் ஏஜென்ட்டுக்குப் பார்க்கவும் இறக்கிக்கொள்ளவும் மட்டும் அனுமதி. திருத்தும் அனுமதி உங்களிடமே இருக்கட்டும்.

ஷிப்பிங் பில் வழியில் போகிறவர்களுக்கு ஏஜென்ட் தாக்கலுக்கு முன் ஒரு செக்லிஸ்ட் அனுப்புவார். நேரம் நெருக்கும், ‘ஓகே சார்’ என்று ஒரு வரி போட்டால் வேலை நகரும். அந்த ஒரு வரிதான் பின்னால் உங்கள் சம்மதம். பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எச்.எஸ். குறியீடு, எண்ணிக்கை, மதிப்பு, சீரியல் எண்கள் நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் பொருள், விற்பனை அல்ல என்ற குறிப்பு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வங்கிக்கும் இதைத் தெரிவியுங்கள். ஷிப்பிங் பில் விவரம் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்பு அமைப்புக்குப் போகிறது. சொல்லாவிட்டால் வராத பணத்தை வங்கி உங்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தாக்கல் முடிந்ததும் ஏஜென்ட்டிடமிருந்து நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை இருக்கின்றன. இ-சஞ்சித்தில் ஏற்றிய ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் ஐ.ஆர்.என். எண் கிடைக்கும், அந்த எண்களின் பட்டியல், ஏற்றிய அதே பி.டி.எஃப்.கள், ஏற்றுமதிக்கு அனுமதி தரும் ‘லெட் எக்ஸ்போர்ட்’ உத்தரவோடு கூடிய ஷிப்பிங் பில், பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கை. திரும்பும்போது வேறொரு புரோக்கரை வைக்க நேரலாம். அப்போது முதல் புரோக்கரைத் தேடி அலையாமலிருக்க இவை உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடிக்கட்டை

கார்னெட்டின் வேலை முழுவதும் ஒவ்வொரு எல்லையிலும் சுங்கம் கிழித்துக்கொள்ளும் தாளிலும், புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டையிலும் அடங்கியிருக்கிறது. தாள் அவர்களுக்கு, அடிக்கட்டை உங்களுக்கு. அடிக்கட்டையில் முத்திரை விழுந்ததும் அங்கிருந்து நகரும் முன்பே ஏஜென்ட் அதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

படம் வந்ததும் பார்க்க வேண்டியது: முத்திரை படிக்கும்படி இருக்கிறதா, தேதி, கையொப்பம், எந்தெந்த வரிசை எண்களுக்கு. ஜெர்மனிக்குள் நுழையும்போது விழும் வெள்ளை அடிக்கட்டையில் இன்னொரு கட்டமும் இருக்கிறது: பொருள் எந்த நாளுக்குள் வெளியேற வேண்டும் என்பது. கார்னெட் ஓர் ஆண்டு செல்லும் என்பதால் அதையே கெடு என்று எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்டு அதிகாரி அதைவிட முந்தைய தேதியைக் குறிக்க முடியும். குறித்துவிட்டால் அதுதான் கெடு. கைபேசியில் வந்த படத்தைப் பெரிதாக்கி அந்தத் தேதியைப் படித்து, ஹானோவரில் நிற்கும் உங்கள் ஆளுக்கும், திரும்பும் சரக்கை ஏற்பாடு செய்கிறவருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

வெளியேறும்போது முத்திரை விடுபடுவதே அடிக்கடி நேர்கிற தவறு. கண்காட்சி முடியும் மாலை, எல்லோரும் ஒரே நேரத்தில் பெட்டி கட்டுகிறார்கள், லாரி காத்திருக்கிறது, சுங்க அலுவலகத்தில் நிற்காமலே பொருள் துறைமுகம் போய்விடுகிறது. கோவையில் பொருள் பத்திரமாக வந்து இறங்கியிருக்கும். ஜெர்மன் சுங்கத்தின் ஏட்டில் அது இன்னும் அங்கேயே இருக்கும். காலாவதியான நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் அவர்கள் கோரிக்கை எழுப்பலாம். எழுப்பினால், வரியோடு அதில் பத்து விழுக்காடு வரை கூடுதலாகவும் கேட்கலாம். பொருள் வெளியேறியதற்குச் சான்று காட்ட ஆறு மாத அவகாசம் உண்டு. அந்நேரம் இந்தியச் சுங்கம் முத்திரையிட்ட மஞ்சள் அடிக்கட்டை, அதாவது திரும்பி வந்த பதிவு, உங்களைக் காப்பாற்றும். அதனால் இந்தியாவுக்குள் வரும்போது ‘பொருள்தான் வந்துவிட்டதே’ என்று அந்த முத்திரையை அலட்சியம் செய்யக் கூடாது.

தாள் இல்லாத கார்னெட்

சர்வதேச வணிகச் சபையான ஐ.சி.சி., கார்னெட்டை மின்வடிவுக்கு மாற்றும் வேலையில் இறங்கியிருக்கிறது. புத்தகத்துக்குப் பதில் கைபேசிச் செயலியில் கார்னெட் இருக்கும். உரிமையாளர் அதைத் தம் ஏஜென்ட்டோடு பகிரலாம். எல்லையில் அதிகாரி ஸ்கேன் செய்து பதிவு செய்வார். முத்திரை விடுபட்ட துயரங்கள் இதனால் குறையும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஒரு நாடு மின்வடிவை ஏற்பதால் மற்றதும் ஏற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பயணத்தில் வரும் ஒவ்வொரு நாடும் ஏற்கிறது என்று ஃபிக்கி எழுத்தில் உறுதி சொல்லும் வரை தாள் புத்தகம் பொருளோடு போகட்டும். தாள் கார்னெட்டின் ஸ்கேன் மின் கார்னெட் ஆகாது. அதில் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். ஸ்கேனை ஏஜென்ட்டுக்கு முன்னதாக அனுப்புவது அவர் தயாராக இருப்பதற்காக மட்டுமே. மூலம் அவர் கைக்கு எப்போது, யார் மூலம் போகிறது என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள்.

மின்வடிவு வந்த பிறகும் பகிர்வின் ஒழுங்கு மாறாது. ஏஜென்ட்டுக்கு அவர் செய்யப்போகும் வேலைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

விற்றுவிட்டால்

ஹானோவரில் ஒருவர் ஸ்டாலிலேயே கருவியை வாங்கிக்கொள்கிறேன் என்பார். மகிழ்ச்சியான செய்திதான். ஒப்படைக்கும் முன் அங்குள்ள ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள். கார்னெட்டில் போன பொருள் திரும்ப வேண்டிய பொருள். அங்கே தங்குவதானால் அந்நாட்டு வரியைச் செலுத்தி முறைப்படி இறக்குமதியாக்க வேண்டும். இந்தியப் பக்கம், 2019 ஜூலையில் வந்த 108-ஆம் எண் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையின்படி, கண்காட்சிக்கு எடுத்துப்போவது வழங்கல் அல்ல. டெலிவரி சலானில் போகலாம். ஆறு மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும் அல்லது திரும்பக் கொண்டுவர வேண்டும். விற்றால் இன்வாய்ஸ் போட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் ஆறு மாதம் முடியும் நாளில் வழங்கல் நடந்ததாகக் கொள்ளப்படும். சுங்கம் மூன்று ஆண்டு தருகிறது, கார்னெட் ஓர் ஆண்டு தருகிறது, ஜி.எஸ்.டி. ஆறு மாதம்தான் தருகிறது. உங்கள் கணக்காளருக்கு டெலிவரி சலானின் நகலைப் பொருள் கிளம்பும் நாளிலேயே அனுப்பி, ஆறு மாதத்துக்கான தேதியை அவரையே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

திரும்பிய பிறகு

பெட்டி தொழிற்சாலைக்கு வந்ததும் பட்டியலை வைத்துக்கொண்டு எண்களைச் சரிபாருங்கள். புத்தகத்தை ஃபிக்கியிடம் திருப்பிக் கொடுத்தால்தான், அதை வாங்கும்போது நீங்கள் அங்கே வைத்த ஈடு விடுபடும். கொடுக்கும் முன் எல்லா அடிக்கட்டைகளையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பகிர்ந்த கோப்புறைகளைத் திறந்து ஒவ்வொரு ஏஜென்ட்டின் அணுகலையும் நீக்குங்கள். புரோக்கர் தம் பங்குக்கு ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்களும் அவ்வளவு காலம் உங்கள் தொகுப்பை வைத்திருங்கள். கோரிக்கைக் கடிதம் வந்தால் அதைத் திறந்து வெள்ளை வெளியேற்ற அடிக்கட்டையையும் மஞ்சள் மீள்வரவு அடிக்கட்டையையும் ஒரே மின்னஞ்சலில் ஃபிக்கிக்கு அனுப்புங்கள். ஆறு மாத அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல், கடிதம் கிடைத்த வாரத்திலேயே அனுப்புங்கள்.